நான் மொழிபெயர்த்த வாக்கு

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மேல்மாடியில் எங்கள் சபை கூடுகிறது. பாஸ்டர் சிங்களவர். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர். அவர் பிரசங்கிக்கும்போது பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் வேலை. பதினொரு வருடமாக ஞாயிறுதோறும் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போகிறேன். கிழமை நாட்களில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கிறவள் நான். மொழி எனக்குச் சிரமமில்லை.

மொழிபெயர்ப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. பிரசங்கி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்லவேண்டும்.

என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது சபை உபவாசமிருந்தது. அந்த நாட்களில் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கி வந்தார். முன்வரிசையில் இருந்த என் கணவரின் தலையில் கைவைத்து, கண்களை மூடிச் சிங்களத்தில் ஒரு வாக்குச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "இந்த மனிதன் சாகமாட்டான். இதே இடத்தில் நின்று சாட்சி சொல்லுவான்." சபை கைதட்டியது. என் கணவர் பிரசங்கியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

திரும்பும் வழியில் ஆட்டோவுக்குள் சொன்னார்: "அவர் சிங்களத்தில சொன்னது எனக்கு விளங்கினதுதான். ஆனா நீர் தமிழில சொல்லேக்கதான் நம்பினனான்."

ஏழு கிழமைக்குப் பிறகு களுபோவில ஆஸ்பத்திரியில், ஒரு முற்பகலில் அவர் போனார். நான் அப்போது பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தேன். செத்தவீட்டில் எல்லோரும் பாடியபோது, ஒரு மலர்வளையத்தின் ரிப்பனில் எழுத்துப்பிழை இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு சபைக்குத் திரும்பினேன். ஆறுதல் வரும், பொறுத்திரு என்றார்கள். பொறுத்திருந்தேன். காலையில் பிள்ளைகள் வருமுன் சாப்பாட்டு மேசையில் வேதத்தைத் திறப்பேன். சங்கீதம் ஒன்று வாசிப்பேன். முழங்காலில் நின்றால் முழங்கால் வலித்தது. அவ்வளவுதான். ஆராதனையில் மற்றவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், நிறைந்துபோய் நின்றார்கள். என் வாய் "என் உள்ளம் பொங்குகிறது" என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும். கடலை ஊறப்போட்டேனா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. ஒரு ஞாயிறு பாஸ்டர், "நான் கேட்டேன், அவர் எனக்குத் தந்தார்" என்றார். நான், "பாஸ்டர் கேட்டார், கர்த்தர் பாஸ்டருக்குத் தந்தார்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கும். திரும்பிப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் படிக்கட்டடியில் என்னை நிறுத்தினார். சிங்களத்தில்தான் பேசினோம். எனக்கு ஒன்றும் வரவில்லை, வராததை வந்ததென்று என் வாயால் இனிச் சொல்லமுடியாது என்றேன்.

"நங்கி," என்று தங்கையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, "அன்றைக்கு நானும் கைதட்டினேன்," என்றார். "இதுவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை."

இப்படியொரு சொல்லுக்காகத்தான் நான் இரண்டு வருடம் காத்திருந்தேனோ என்னவோ. ஆனால் அதைக் கேட்டபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பரவாயில்லை என்றேன். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் போகவில்லை. காலை வாசிப்பை மட்டும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான்காம் கிழமை ஒரு பெண் என் வீட்டுக்கதவைத் தட்டினார். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வீட்டுவேலை செய்கிறவர். சபையில் எப்போதும் எனக்கு நேரே இருப்பார். அவருக்குச் சிங்களம் விளங்காது.

"மூணு வாரமா சும்மா ஒக்காந்துட்டு வாரேன் சிஸ்டர். ஒன்னும் வெளங்கல."

"வேற ஆள் சொல்லுறாதானே?"

"அந்தப் புள்ள பாதிதான் சொல்லுது. மீதிய விட்டுட்டு ஓடுது."

பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்: "எனக்குள்ள ஒண்டுமில்ல. நான் சொல்லுறதெல்லாம் வெறும் வாய்தான்."

"தெரியும் சிஸ்டர். ஐயா போனதுலருந்து ஒங்க கொரல்லயே தெரியுது." அவர் தேநீரை ஊதினார். "ஆனா நீங்க ஒரு வார்த்தய விடமாட்டீங்க. எனக்கு அது போதும். ஞாயித்துக்கெழம வாரீங்களா?"

"பாப்பம்" என்றேன்.

போனேன். போகுமுன் பாஸ்டரிடம் ஒன்று கேட்டேன்: வேதத்தை அப்படியே சொல்லுவேன், உங்கள் அனுபவத்தை மட்டும் 'பாஸ்டர் சொல்கிறார்' என்று சொல்லுவேன். அவர் சம்மதித்தார்.

அதன்பின் ஒரு வருடமாகிவிட்டது. வருமென்று சொன்ன ஆறுதல் இன்னும் வரவில்லை. காலையில் முழங்காலில் நின்று, "இன்றைக்கும் ஒன்றுமில்லை, ஆண்டவரே. நான் வந்திருக்கிறேன்" என்று சொல்கிறேன். இருக்கிறதை இருக்கிறபடி சொல்வதில் ஒரு சிறிய இளைப்பாறல் உண்டு. அதை ஆசீர்வாதம் என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

போன மாதம் வத்தளையிலிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். என் கணவருக்கு வந்த அதே நோய். பாஸ்டர் மைக்கை என்னிடம் நீட்டினார். தான் சொல்ல நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, நானே தமிழில் ஜெபிக்கலாம் என்றார். எல்லோரும் கண்களை மூடினார்கள். முன்வரிசை நாற்காலியில் அந்தப் பெண் மட்டும் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

என்னிடம் வாக்குத்தத்தம் ஒன்றும் இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவரருகே குனிந்தேன்.

"ஆண்டவரே, இவவுக்கு என்ன நடக்குமெண்டு எங்களுக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். இவவோட இரும். ஆமென்."

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஒருவரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாட்டு ஒன்று தொடங்கி முடியும்வரை விடவில்லை. அவர் கை சுட்டது, காய்ச்சல் இருந்திருக்கவேண்டும். கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே குனிந்து நின்றேன்.