மறுபடியும் ஒரு பிடி அரிசி

பழனிசெட்டிபட்டி ஞானதுரை வீட்டுப் பிடியரிசி என்றால் சபையில் தனிப் பேச்சு. உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிப்பானையில் போட்டு வைப்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தப் பானைகள் கோவிலுக்கு வரும். மற்றப் பெண்கள் இடுப்பில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஞானதுரை வீட்டுப் பானையை அவர் கடையில் வேலை பார்க்கும் ஆள் தலைச்சுமையாகக் கொண்டுவருவார். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் அரிசியை ஏலம் விடுவார்கள். தன் வீட்டு அரிசியை எவரும் குறைத்துக் கேட்டுவிடக் கூடாது என்று ஞானதுரையே விலையை ஏற்றிவிடுவார். கடைசியில் தன் அரிசியைத் தானே எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய மாதங்கள் பல.

"சுகிர்தத்துக்குப் பெரிய கை" என்று பெண்கள் சொல்வார்கள். சிலர் மெச்சிச் சொன்னார்கள், சிலர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்கள்.

ஞானதுரையின் மனைவி சுகிர்தத்துக்குக் கை சிறியதுதான். அரிசி களைய உட்காருவாள், ஒரு பிடி போடுவாள். விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினால் போட்டோமா என்பது நினைவில் இருக்காது. கர்த்தருக்கு வைக்காமல் உலையேற்றினோம் என்று ஆகிவிடக் கூடாதே என்று மறுபடியும் ஒரு பிடி போடுவாள். சில நாள் மூன்றாவதும் உண்டு. சோறு பற்றாமல் போனால் நீராகாரத்தைக் குடித்துவிட்டு எழுந்துகொள்வாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள் என்று பயம்.

மாத்திரை அந்த வீட்டுக்குள் வந்தது அறுபத்து நாலில். மகள் செல்வராணி பிறந்த ஒரு வாரத்தில் சுகிர்தத்துக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பால் கட்டினால் காய்ச்சல் வரத்தான் செய்யும் என்று வீட்டில் இருந்த பெண்கள் விட்டுவிட்டார்கள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். பிள்ளையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து தன் அம்மா கூப்பிடுகிறாள் என்று அவிழ்ந்த தலையோடு தெருவில் இறங்கினாள். அதற்கப்புறம் காய்ச்சலை யார் கேட்டார்கள்? எல்லோரும் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். வீடு திரும்பும்போது ஒரு பெரிய மாத்திரையைக் கொடுத்து, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதைத் தின்னத் தின்னக் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு என்று இன்னொரு சின்ன மாத்திரை வந்தது. அதோடு சரி, மறுபடி எந்த டாக்டரும் அவளைப் பார்க்கவில்லை. ஞானதுரை சீட்டைக் காட்டுவார், மருந்துக்கடையில் கொடுப்பார்கள். மனைவி முழுங்குகிறவரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அல்லிநகரத்தில் இருந்த தன் பருத்திவிதை, தவிடு, புண்ணாக்குக் கடையைத் திறக்கப் போவார்.

கரண்ட் வைத்த காலத்துக்கு முன்னும் பின்னும் நினைவில் ஒரு பெரிய துண்டு சுகிர்தத்திடம் இல்லை. செல்வராணியைப் பெற்றது, ஞானஸ்நானம் கொடுத்தது, பிள்ளை நடை பழகியது, எதுவும் இல்லை. சுவரில் மாட்டிய படத்தில் வெள்ளைச் சேலையோடு குழந்தையை ஏந்தி நிற்பது தான்தான் என்று மற்றவர்கள் சொல்லி ஒப்புக்கொண்டிருந்தாள். அதுகூடப் பெரிதில்லை. அந்தப் பிள்ளைக்குப் பதினோரு வயதாகியும், நேற்று அவள் சொன்னது இன்று தங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஓடிவந்து சொல்லுவாள் மகள். மறுநாள் அம்மா அதையே புதிதாகக் கேட்பாள். "உங்கிட்டச் சொல்றதும் சுவத்துகிட்டச் சொல்றதும் ஒண்ணும்மா" என்று ஒருநாள் செல்வராணி எழுந்து போய்விட்டாள். அதை மட்டும் எப்படியோ சுகிர்தம் மறக்கவில்லை. போன வருஷங்கள் போகட்டும், இனி இந்தப் பிள்ளை வளர்கிறதாவது தனக்கு மிஞ்ச வேண்டும் என்பதே அவள் ஜெபமாக இருந்தது.

எழுபத்தைந்தில் ஒரு கோடையில் சின்ன மாத்திரை மருந்துக்கடைக்கு வரவில்லை. இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்று ஒரு மாதத்துக்கு மேல் இழுத்துவிட்டது. பெரிய மாத்திரை மட்டும் ஓடியது. காபித் தம்ளர் வட்டாவில் தாளம் போடும் அளவுக்கு அவள் கை நடுங்கியது. அந்த மாத ஞாயிறன்று பிடியரிசிப் பானையைத் தூக்கக் கடையாள் தேவைப்படவில்லை. ஏலத்தில் ஞானதுரை தலையைக் குனிந்து நின்றார்.

மறுநாளே ஜெபமணி வந்துவிட்டார். சபையில் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிற வயதான அம்மாள். வந்த வேகத்தில் ஒரு ஜெபத்தை முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"தாயி, கேக்குறேன்னு நினைக்காத. கடையில யாவாரம் மந்தமா?"

"இல்லக்கா."

"அப்ப நம்ம பாதிரி ஐயரு மேல எதும் வருத்தமா? போன பிரசங்கத்துல கெட்ட குமாரன் கதையில பன்னித் தவிடு தவிடுன்னு சொன்னாகளே, அத உன் வீட்டுக்காரரு மனசுல வச்சுக்கிட்டாரா? அது பிரசங்கத்துத் தவிடு ஆத்தா. உங்க கடைத் தவிடு இல்ல."

சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் எப்போதும்போல்தான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். காலையில் ஒரு பிடி போட்டாள். போட்டது நினைவில் இருந்தது. நேற்று இரவு போட்டதும் இருந்தது. நேற்று மொச்சைக் குழம்பு. முந்தாநாள் செல்வராணி ரிப்பனைத் தொலைத்துவிட்டு அழுதாள், ரிப்பன் ஊதா. எல்லாம் வரிசையாக நின்றன. நடுக்கமும் நினைவும் ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன. இல்லாமல் போனது சின்ன மாத்திரை ஒன்றுதான்.

ஜெபமணி போன பிறகு சுகிர்தம் சும்மா இருக்கவில்லை. மதியம் ஞானதுரை சாப்பிட உட்கார்ந்ததும், இரண்டு பிடி, மூன்று பிடி போட்ட கதையை முழுக்கச் சொன்னாள். இத்தனை வருஷம் ஏலத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற மனிதருக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. சின்ன மாத்திரை இனி வேண்டாம், பெரியதும் எதற்கு என்று நல்ல டாக்டரிடம் கேட்கலாம் என்று அவள் சொன்னபோது சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீ அன்னைக்குப் பட்டது உனக்கு ஞாபகம் இல்ல சுகிர்தம். எனக்கு இருக்கு. வாசக்கதவுல குறுக்கப் படுத்துக் கெடந்தேன்."

"அதுக்குத்தாங்க சொல்றேன். எனக்கும் எதாச்சும் ஞாபகம் இருக்கட்டும்."

அவர் கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போனார். நாலைந்து நாளில் சின்ன மாத்திரை கடைக்கு வந்து சேர்ந்தது. வழக்கம்போல் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டினார். சுகிர்தம் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். செல்வராணி வகுப்பில் மூன்றாவதாக வந்திருந்தாள், முந்தின நாள்தான் சொன்னாள்.

"இத இப்ப முழுங்கிருவேன். நாளைக்கு அவ எத்தனாவது வந்தான்னு கேட்டா நீங்க சொல்லுங்க."

ஞானதுரை அந்த மாத்திரையைத் திரும்ப வாங்கிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்த வாரமே பஸ் ஏறினார்கள்.

கம்பத்துக்கு அப்பால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா மாத்திரையைப் பற்றி உடனே பேசவில்லை. பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா, குளிர் நடுக்கம் வந்ததா, இரத்தப்போக்கில் கெட்ட வாடை இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுகிர்தத்துக்குத் தெரியாது. ஞானதுரைக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இதை முன்னே எந்த டாக்டரும் கேட்கவில்லையா என்றதற்கு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அது பிரசவக் காய்ச்சலில் வந்த பிதற்றல்தான் என்று தோன்றுகிறது, காய்ச்சல் இறங்கியிருந்தால் அதுவும் இறங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா. பெரிய மாத்திரை நடுக்கத்தைக் கொடுத்திருக்கிறது. நடுக்கத்துக்குக் கொடுத்த சின்னது மறதியைக் கொண்டுவந்திருக்கலாம். கரண்டில் போனது திரும்புமா என்று தன்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த ஞானதுரை நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

"நாந்தான குடுத்தேன். என் கையாலதான குடுத்தேன்."

"பின்ன, அடுத்த வீட்டுக்காரரா வந்து குடுப்பாரு?" என்றாள் சுகிர்தம். "எந்திரிங்க. பஸ்ஸு போயிரும். கம்பத்துல எறங்கித் திராட்ச வாங்கணும்."

குறைத்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தூக்கம் கெட்டது. காரணமில்லாமல் அழுகை வந்தது. ஞானதுரை மறுபடியும் வாசல் கதவுக்குக் குறுக்கே பாய் விரித்தார், அவளும் தடுக்கவில்லை. நடுக்கம் தணிந்தது. ஆனால் பெரிய மாத்திரை குறைந்துவந்தபோது புதிதாக ஒன்று வந்தது. வாய் தானாக எதையோ மெல்லுவதுபோல் அசைய ஆரம்பித்தது. அதுவும் அந்த மாத்திரை விட்டுப்போனதுதான், போகாமலே இருந்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. கடைசி வரை அது போகவில்லை. ஒருமுறை ஆராதனை நடுவில், கோவிலுக்குள்ளே என்ன வெற்றிலை என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் அதட்டினார். சுகிர்தம் திரும்பி, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் வாயை அகலத் திறந்து காட்டிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தாள்.

படத்தில் இருந்த வெள்ளைச் சேலைக்காரி அவளுக்கு அந்நியமாகவே இருந்துவிட்டாள். ஞானதுரை அந்த வருஷங்களைத் தவணை முறையில் சொல்லுவார். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் செல்வராணி பாதிரி ஐயரின் அங்கியை நனைத்த கதையை அவள் எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்திருக்கிறாள். சிலது அவர் கூட்டிச் சொல்லுகிறார் என்று அவளுக்குத் தெரியும். கூடினால் என்ன, தனக்கு லாபம்தான் என்று விட்டுவிடுவாள்.

எண்பத்து நாலில் செல்வராணியைப் பெண் பார்க்க ராயப்பன்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். மகள் டீச்சர் டிரெயினிங் போன கதை வந்தது. அன்றைக்கு மழையில் பெட்டியைச் சுமந்துகொண்டுபோய் விடுதியில் தானே விட்டுவந்ததாக ஞானதுரை விருந்தாளிகளிடம் விவரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க வந்தீக?" என்றாள் சுகிர்தம். "பருத்திவெத லாரி வந்துருச்சுன்னு கடையில நின்னுட்டீக. நானும் அவளுந்தான் போனோம். மழையும் இல்ல. வெயிலு மண்டையப் பொளந்துச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு" என்றார் அவர்.

"ஆண்டிப்பட்டியில பஸ்ஸு டயரு வெடிச்சுப் போச்சு. எறங்கி நின்னோம். இவ மோரு வேணும்னா. மோர்க்காரி சில்லறை இல்லன்னு இன்னொரு தம்ளரு ஊத்திக் குடுத்தா. விடுதி வாசல்ல போயி, என்னைய விட்டுட்டுப் போகாதன்னு என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டா."

ஞானதுரை மகளைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த செல்வராணி, அம்மா சொல்லுகிறதுதான் சரி என்றாள்.

அவர் தோற்றுப்போனார். விருந்தாளிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பிறகு பருத்திவிதை வியாபாரத்தைப் பற்றி அவர்களிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். சுகிர்தம் இன்னும் முடிக்கவில்லை. அந்த மோர்க்காரி கூடையை எங்கே இறக்கி வைத்தாள், டயர் மாற்ற வந்தவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே, ஆறிப்போன காபியைச் சூடுபண்ண உள்ளே எடுத்துப் போனாள்.