பெரியப்பாவுக்கு நான் ஏன் கை உயர்த்தவில்லை

துஷி, சயன்,

ஊர்ச் சங்கக் கூட்டம் முடிந்து வரும்போது காரில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கதைக்கத் தொடங்கினால் எனக்குக் கோபம் முன்னுக்கு வந்துவிடும், சொல்லவேண்டியது பின்னுக்குப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள். இரண்டு பக்கமும் மெதுவாகப் போவோம். பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும், அவரின்ரை பெயரை மட்டும் போடவேண்டாம்" என்றார். அதனால் அவர் இதில் உங்களுக்குப் பெரியப்பா, எனக்கு அண்ணை.

நான் வேலை செய்யும் இடத்தில் சாப்பாட்டறைச் சுவரில் ஒரு ரீவி உயரத்தில் தொங்குகிறது. இந்தத் தொண்ணூற்றாறு ஒக்டோபர் மாதம் முழுக்க அதில் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தல்தான். ஒரு வேட்பாளருக்கு எழுபத்து மூன்று வயது. அந்த ஆள் என்ன செய்தவர், என்ன செய்யப்போகிறார் என்பதைவிட எழுபத்து மூன்று என்ற இலக்கத்தைத்தான் கூடுதலாகச் சொன்னார்கள். எங்கள் மேசையிலும் அதே கதை. நாங்கள் இருப்பது கனடாவில், எங்களில் ஒருவருக்கும் அங்கே வோட் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்போல ஆளுக்கொரு குறை சொன்னோம். என் மெஷினுக்குப் பக்கத்தில் பெட்டி அடுக்கும் லிண்டா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லிண்டாவிடம் நான் ஒரு காலத்தில் வயது கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அக்கா என்று நினைப்பதா தங்கச்சி என்று நினைப்பதா என்று தெரியாமல் எனக்கு ஒருவரோடு கதைக்க வராது. வயது தெரிந்தால்தான் வாயில் மரியாதை வந்து உட்காரும். ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடமே கேட்போம். அவளோ முகம் சிவந்து எழும்பிப் போய்விட்டாள். ஒரு மாதமாக என்னோடு கதைக்கவில்லை. ஃபோர்மன் சொல்லி நான் கேட்டதாகவும், வயதைக் காட்டி அவளை வேலையால் நிறுத்தப் பார்ப்பதாகவும் அவள் நினைத்திருக்கிறாள். நான் கிட்டப் போகக் கேட்டது அவளுக்கு வெளியே தள்ளக் கேட்டதாகப் பட்டிருக்கிறது.

அந்தத் தேர்தல் நாட்களில் ஒரு பின்னேரம், வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, எழுபத்து மூன்று கூடின வயதா என்று துஷி கேட்டாள். "சீ, வயது கூடக்கூட மதிப்புத்தான். வயதைப் பாத்து வோட் போடக்கூடாது" என்று நான் உடனே சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது தானாக வாயில் வரும்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் இல்லை, ஊர்க்காரர். அவரை உங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித்தரும் பெரியப்பாவாகத்தான் தெரியும். நான் எண்பத்தெட்டில் வந்து இறங்கியபோது பார்க்டேலில் ஒரு அறையில் ஏழு பேர் இருந்தோம். அண்ணை ஊரில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர், இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு. எங்கள் ஏழு பேரின் அகதிக் கோரிக்கைப் படிவத்தையும் அவர்தான் நிரப்பினார். என் விசாரணை நாளன்று பனிக்குள் எனக்கு முன்னால் போய் வாசலில் நின்றார். "தம்பி, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். அழ வந்தால் அழும், பரவாயில்லை" என்றார். நான் அழுதேன். அந்த விசாரணையால்தான் உங்கள் அம்மாவையும் உங்களையும் இங்கே கூப்பிட முடிந்தது.

அப்படிப்பட்டவர் இந்த வருடம் ஊர்ச் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றார். எழுபத்திரண்டு வயது. எதிரே கூரியர் வேன் ஓட்டும் ரமணன், முப்பத்து நான்கு. எனக்குக் கனடாவில் இன்னும் குடியுரிமை இல்லை, வோட்டும் இல்லை. ஊரில் கடைசியாக எப்போது வோட் போட்டேன் என்பது நினைவில் இல்லை. சங்கத்தில் உயர்த்தும் இந்தக் கை ஒன்றுதான் எனக்கென்று இருந்த வோட்.

கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் அண்ணையும் நானும் ஷெப்பர்ட் ஸ்டேஷனில் நின்றோம். அஜின்கோர்டுக்குக் குடிவந்த நாள் தொட்டு அவர் எடுக்கிற பஸ் எண்பத்தைந்து. அது வந்து கதவும் திறந்துவிட்டது. அண்ணை அசையவில்லை. "தம்பி, நாங்கள் எந்த பஸ் எடுக்கவேணும்?" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகு, வெளியே பார்த்தபடி, "கொய்யா எப்பிடி இருக்கிறார்? கடிதம் வாறதே?" என்று கேட்டார். கொய்யா என்றால் என் ஐயா, உங்கள் அப்பப்பா. அவர் செத்து இரண்டு வருடம். அந்தச் செய்தியைப் போனில் எனக்குச் சொன்னவரே அண்ணைதான். நான் "ஓம் அண்ணை, சுகமாய் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

பெயருக்குத் தலைவர் என்றால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. மாலையைப் போட்டு நடுவில் இருத்தியிருப்பேன். ஆனால் எங்கள் சங்கத்துத் தலைவர்தான் புதிதாக வருகிற குடும்பங்களின் விசாரணைத் திகதிகளைக் கொப்பியில் எழுதிவைத்து, நினைவுபடுத்தி, கூட்டிக்கொண்டு போகிறவர். ஒரு திகதி தவறினால் ஒரு குடும்பத்தையே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் சின்னப் பிள்ளைகள், அந்தத் திகதிக்கு எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியாது.

கூட்டம் நடந்த பள்ளிக்கூட மண்டபத்தில் நீங்களும் பின்வரிசையில் இருந்தீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும், விளங்கியிருக்காது. அண்ணையின் பெயரை முன்மொழிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர், "மூத்தவர் நிக்கேக்க சின்ன ஆக்கள் விலகிறதுதானே முறை" என்றார். ரமணன் எழும்பி, "சரி, நான் விலகிறன்" என்றான். அந்த முறையில்தான் நானும் வளர்ந்தவன். ஆனாலும் நான் எழும்பிவிட்டேன். "விலகவேண்டாம். ரெண்டு பேரும் என்ன செய்யப்போறம் எண்டு சொல்லட்டும், கேப்பம்" என்றேன். "அமெரிக்காத் தேர்தல் பாத்துப் பழுதாப்போனாய்" என்று பின்னால் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணை பேசினார். குரல் கணீரென்று இருந்தது. ஊர் வாசிகசாலையைத் திருத்திக் கட்டவேண்டும் என்றார், இளம் ஆட்கள் தமிழை மறக்கக்கூடாது என்றார். கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் அதையே, அதே சொற்களோடு, வாசிகசாலையில் தொடங்கித் திரும்பவும் பேசினார். அழுத்திச் சொல்கிறார் என்று நினைத்து முன்னிலும் கூடத் தட்டினார்கள். பெரியம்மா குனிந்து சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நானும் தட்டவில்லை.

அண்ணைக்கு மண்டபம் நிறையக் கைகள். ரமணனுக்குப் பதினொன்று, அதில் ஒன்று என்னுடையது. அண்ணை என் கையைக் கண்டார். எண்ணுபவர் வருவதற்குள் எனக்குக் கை கனத்துவிட்டது. ஆனாலும் இறக்கவில்லை.

காரில் துஷி சொன்னாள்: "அப்பா, ஏஜ் மேட்டர் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். இப்ப பெரியப்பா ஓல்ட் எண்டு வோட் போடேல்லை. தட்ஸ் நொட் ஃபெயர்."

பிள்ளைகளே, நான் அவரின் வயதுக்கு எதிராகக் கை உயர்த்தவில்லை. லிண்டாவுக்கு அறுபது இருக்கும், எங்கள் லைனில் அவளைப்போலப் பெட்டி அடுக்க ஒருவராலும் ஏலாது. அண்ணை எண்பதிலும் தெளிவாக இருந்திருந்தால் நான் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன். வயது ஒரு இலக்கம். ஊரில் அதைக் கேட்டவுடன் எழும்பி நிற்கிறோம், இங்கே அதைக் கேட்டவுடன் ஆளை அனுப்பப் பார்க்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஆளைப் பார்ப்பது குறைவு. நீங்கள் நாளைக்கு இந்த நாட்டில் வோட் போடுவீர்கள். வேட்பாளர் கிழவரென்றாலும் இளந்தாரியென்றாலும், இந்த வேலையை இன்றைக்கு இவரால் செய்ய ஏலுமா என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வி மரியாதைக் குறைவில்லை. எனக்குத் தெரிந்ததை அவருக்கு முன்னால் எழும்பிச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அது என் பிழையாக இருக்கலாம். அதை நீங்கள் பெரியவர்களாகி முடிவுசெய்யுங்கள்.

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் பெரியம்மா எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, நீர் கை தூக்கினது எனக்கு விளங்கினது. ஒரு வருசமாய் நான் தனியத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார். பிறகு ரமணனைச் செயலாளராகப் போட்டு, திகதிக் கொப்பியை அவனிடம் கொடுக்கலாம் என்று பேசி முடித்தோம். அண்ணை கையெழுத்து வைப்பார், அவன் நினைவு வைத்திருப்பான்.

அடுத்த சனிக்கிழமை நான் தனியே அவர்கள் அப்பார்ட்மென்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அண்ணை. "வாரும், வாரும். கிழவனுக்கு வோட் போடாத ஆள் வாறார். தேத்தண்ணி குடுக்கலாமோ எண்டு கமிட்டியைத்தான் கேக்கவேணும்" என்றார். அவர் குரலில் கோபம் கொஞ்சம் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "கேளுங்கோ அண்ணை, தலைவர் நீங்கள்தானே" என்றேன். அவர் குசினிப் பக்கம் போனார்.

வாசலில் அவரின் குளிர்ச்சட்டை தொங்கியது. பஸ் இலக்கமும் விலாசமும் எழுதிய ஒரு மட்டையை நான் கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கம் டிரைவருக்கு இங்கிலீஷில், மறுபக்கம் அவருக்குத் தமிழில். சட்டையின் உள் பொக்கற்றில் வைக்கக் கையை விட்டபோது அங்கே ஏற்கெனவே ஒரு கடதாசி இருந்தது. அண்ணையின் போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. எண்பத்தைந்து. இறங்கும் தரிப்பு. கட்டிட இலக்கம், அப்பார்ட்மென்ட் இலக்கம். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஊர் வீட்டு விலாசம், தபால் கந்தோரின் பெயரோடு முழுமையாக.

என் மட்டையை மடித்து என் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். பேனையை எடுத்து, அந்தக் கோட்டின் மேலே, இரண்டு விலாசங்களுக்கும் நடுவில், எங்கள் வீட்டுப் போன் இலக்கத்தை எழுதினேன். கடதாசியை அவர் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்து, பொக்கற்றின் சிப்பை மேல்வரை இழுத்து விட்டேன்.