ஒத்துப்போகாத இரண்டு படிவங்கள்

போன வருடம், கணபதியைக் கரைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மழை விட்டுவிட்டது என்று நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அன்றைக்கென்று கொட்டும் சமயம். மாலை ஆறே காலுக்குப் பம்பாயில் மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தமானிலிருந்து அந்தப் போன் வந்தது.

போனில் வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தைந்து வயது, என் கணவருக்கு நாற்பத்தொன்பது. வீடு முலுண்டில். அவருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை. எனக்கு மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ஒரே மகள், புனேயில் ஹாஸ்டலில் இருக்கிறாள். முதுகு வலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னார் என்று செம்பூரில் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாது. குளம் முடிந்ததும் கடல் வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் பிடித்த பிடியில் அவரும் நாற்பத்தெட்டு வயதில் நீந்தக் கற்றுக்கொண்டார். போன வருடம் மார்ச்சில் இருவரும் கொங்கண் கடற்கரைக்குப் போய் முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா பயிற்சியை நாலு நாள் எடுத்து, ஆளுக்கொரு சான்றிதழ் அட்டையோடு திரும்பினோம். 'எனக்கு ஸ்கூட்டி ஓட்டக்கூட லைசென்ஸ் இல்ல, உங்களுக்குக் கடலுக்கே லைசென்ஸா' என்று மகள் சிரித்தாள்.

கொங்கண் கடல் கலங்கல். தொட்டுவிடும் தூரத்தில் இருப்பதுதான் தெரியும். அடுத்தது அந்தமான்தான், கண்ணாடி மாதிரி தண்ணீர், பவளம், ஆமை என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஏப்ரலிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆபீசில் வவுச்சர் அடுக்கும்போதும் மனசு தீவிலேயே கிடந்தது. எந்த மாதம் அலை குறைவு, எந்தத் தீவுக்கு எத்தனை மணிக்குப் படகு என்று நோட்டு முழுக்க எழுதி வைத்தேன். கண்ணையும் மூக்கையும் மூடும் டைவிங் மாஸ்க் வாங்கி அதை முகத்தில் மாட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். கண் எரியவில்லை, அது ஒரு லாபம். லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியான லேடீஸ் டப்பாவில் என்னோடு வழக்கமாக வருகிற கூட்டத்துக்கே அந்தமான் மீன்களின் பெயரெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

அவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. தேதி கேட்டால் 'பாத்துக்கிடலாம்' என்பார். திருநெல்வேலிக்காரர்கள் வீட்டில் வளர்ந்தவள் நான், எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பீரோவை மாற்றலாமா என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னார், பீரோ இன்னும் அப்படியே இருக்கிறது. பட்டறையில் தீபாவளி ஆர்டர், அது முடிந்தால் மகளுக்குப் பரீட்சை, அதுவும் முடிந்தால் யாருக்காவது கல்யாணம். இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் தள்ளிப்போனது. எனக்கு எரிச்சலாக வந்தது. வராவிட்டால் போங்கள், தனியாகவே போகிறேன் என்று ஒரு நாள் குக்கரை நங்கென்று வைத்தேன். மூன்றாவதாக நான் சொன்ன தேதிக்குத் தலையாட்டினார்.

அந்தமான் டைவிங் கடையிலிருந்து ஆளுக்கொரு படிவம் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் எந்தப் படிவமானாலும் நான்தான் நிரப்புவேன், அவர் கையெழுத்து மட்டும் போடுவார். இதில் அவரவர் கையால் எழுதி அவரவரே அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தது. அவர் பட்டறையில் உட்கார்ந்து நிரப்பி அங்கிருந்தே அனுப்பிவிட்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

இனி அந்தப் போன். பேசிய பெண் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி, குரலுக்கு முப்பது வயது இருக்கும்.

"மேடம், உங்க ரெண்டு பேர் ஃபார்மும் ஒத்துப்போகல. தண்ணிக்குள்ள எப்பவாச்சும் ஜோடியப் பிரிஞ்சிருக்கீங்களான்னு கேட்ட இடத்துல நீங்க இல்லைனு எழுதியிருக்கீங்க. சார் ஒரு தடவைனு எழுதியிருக்காரு. ரெண்டு பேரும் போனதெல்லாம் ஒண்ணாத்தானே?"

ஸ்கூபாவில் இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும், ஆளைக் காணோம் என்றால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வந்துவிட வேண்டும். முதல் பாடமே அதுதான். அதில் நான் தவறியதாக எனக்கு ஞாபகமே இல்லை. அதனால் இல்லை என்று எழுதினேன், பொய்யென்று தெரிந்து எழுதவில்லை. அவள் கேட்ட பிறகுதான் கொங்கண் பயிற்சியின் கடைசி நாள் மத்தியானம் நினைவுக்கு வந்தது.

அன்று காலையில் அட்டை கிடைத்துவிட்டது. மத்தியானம் ஆசைக்கு இன்னொரு தடவை இறங்கினோம். கைடு முன்னால், நாங்கள் பின்னால். கோடு போட்ட மீன் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது, நான் அதன் பின்னாலேயே கைடோடு போய்விட்டேன். எவ்வளவு நேரம் போயிற்றோ, கைடு திரும்பிப் பார்த்து உன் ஜோடி எங்கே என்று கையால் கேட்டபோதுதான் நானும் திரும்பினேன். பச்சைத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. தேடிவிட்டு மேலே வந்தால் அவர் ஏற்கெனவே படகின் ஏணியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்துவிட்டது, வந்துவிட்டேன் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எப்படியும் வந்துவிடுவீர்கள் என்று தெரியும் என்று சொன்னதாகவும் ஞாபகம். அன்று இரவு சுறா வறுவல் சாப்பிட்டோம், அதோடு அந்த விஷயத்தை மறந்தே போனேன்.

இதைப் போனில் சொன்னதும் அந்தப் பெண் இன்னொரு விஷயத்தையும் எடுத்தாள். ஜோடி யார் என்ற இடத்தில் சார் உங்கள் பெயரை எழுதவில்லை, கைடு மட்டும் போதும் என்று எழுதியிருக்கிறார் என்றாள். என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரை நான் எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தேன். காரணம் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டேன். வாசித்தாள். 'என் மனைவி நன்றாக நீந்துவாள். அவள் முன்னால் போய்விடுவாள். என்னால் அவளுக்குத் தாமதம் வேண்டாம்.'

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். இருபது வருடமாக ஒரே பாயில் படுக்கிறவர், என்னிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒருத்திக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். அதற்குள் வண்டி வந்துவிட்டது. கை கால் பழக்கத்தில் ஏறிவிட்டேன், ஏறியதும் பழக்கத்திலேயே அவருக்கு 'ஏறிட்டேன்' என்று மெசேஜும் போட்டேன்.

எங்களுக்குள் கல்யாணமான புதிதில் ஏற்பட்ட ஒப்பந்தம் அது. சாயங்காலம் நான் மாட்டுங்காவில் லேடீஸ் டப்பாவில் ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் சயானில் அவர் அதே வண்டியில் ஜெனரல் டப்பாவில் ஏறப் பார்ப்பார். இடம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அடுத்த வண்டி. யாரும் யாருக்காகவும் இறங்கக் கூடாது, முலுண்டில் ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். பம்பாயில் குடும்பம் நடத்துகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பார்கள். இதில் தப்பு என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

சயான் வந்தது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தேன். தோளில் பை, கையில் ஏதோ பார்சல். வாசலில் தொங்கிய கூட்டத்தில் கால் வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. பின்னால் நகர்ந்து, என் டப்பாவைப் பார்த்துக் கையை உயர்த்தி, போ என்று காட்டினார். அந்தக் கையை நான் எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். பார்த்த மறு நொடி மொபைலில் எதையாவது பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. கலங்கல் தண்ணீருக்குள் மாஸ்க் நிறைய உப்புத் தண்ணீரோடு இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பாரே, அப்போதும் நான் இதே மாதிரி போய்க்கொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

இறங்கப் பார்த்தேன். உதர்னா ஹை, உதர்னா ஹை என்று கத்தினேன். ஏறுகிற கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. பஹ்லே போல்னா தா, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் என்னைத் திட்டினாள். வண்டி கிளம்பிவிட்டது. குர்லாவில் ஒரு வழியாக வெளியே வந்து விழுந்து, பாலம் ஏறி இறங்கி, எதிர் வண்டி பிடித்து சயானுக்குத் திரும்பி வந்தேன். துப்பட்டாவின் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேடினேன். அவர் இல்லை. எப்படி இருப்பார், ஒப்பந்தப்படி அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார். போனும் எடுக்கவில்லை, கூட்டத்தில் கையைப் பைக்குள் விட முடியாது. அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"நான் ஜூஸ் கடைகிட்ட நிக்கேன். நீ எங்க இருக்க?"

"சயான்ல."

"முன்ன வண்டில போனவ சயான்ல என்னத்தப் பண்ணுத?"

"உங்களத் தேடி வந்தேன்."

"அங்கனயே நில்லு, வாரேன்" என்றார்.

வருகிறவரை ஒரு பெஞ்சில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். எத்தனை வண்டி போனதென்று தெரியாது, ஒவ்வொன்றிலிருந்தும் இறங்குகிற தலைகளையெல்லாம் பார்த்தேன். ஒருவருக்காகக் காத்து நிற்பது இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் வந்ததும் படிவத்தைப் பற்றிக் கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், கெஞ்சலாகத்தான் வந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்திட்டு. கண்ணத் தொறக்க முடியல. பக்கத்துல நீ இருப்பன்னு கைய நீட்டினேன். ரெண்டு பக்கமும் நீட்டிப் பாத்தேன், மண்ணுதான் கெடந்துச்சு. மூச்சு வாங்கிட்டு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நீ அம்புட்டு சந்தோசமா இருந்த. அதுல போயி, பயந்துட்டேன்னு எப்படிச் சொல்ல?"

அப்படியானால் ஆறு மாதமாகத் தேதியைத் தள்ளியது தீபாவளி ஆர்டருக்காக இல்லை. நான் தீவு தீவு என்று குதித்த ஒவ்வொரு நாளும் இவர் அந்த மண்ணைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதே இல்லை, அவருக்கும் அதை எப்படி வாங்கிக்கொள்வதென்று தெரியவில்லை. பார்சலைப் பிரித்து நீட்டினார். உள்ளே வடா பாவ் ஆறிப்போயிருந்தது. சயான் பிளாட்பாரத்திலேயே ஆளுக்கொன்று சாப்பிட்டோம்.

போக வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் படிவத்தைத் திருத்தி அனுப்புகிறேன் என்றேன். ஜோடியைப் பிரிந்ததுண்டா என்ற கேள்விக்கு, 'ஆம். நான்தான் அவரை விட்டுவிட்டு முன்னால் போனேன்' என்று எழுதினேன். அவரும் புதிதாக ஒன்று எழுதி அனுப்பினார். நான் கேட்காமலேயே அதைக் காட்டினார். ஜோடி என்ற இடத்தில், முதல் இரண்டு நாள் கைடு, அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. எனக்கு அந்த வார்த்தை தெரியும். அது வேண்டாம் என்பதல்ல, சரி என்பதும் அல்ல. ஒரு மன்னிப்பை வைத்துக்கொண்டு அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை என்று படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வருகிற மாதம் கிளம்புகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது, ஹாலில் பை பாதி கட்டியபடி கிடக்கிறது. ஞாயிறுதோறும் இருவரும் செம்பூர் குளத்துக்குப் போகிறோம். அவர் மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றிப் பழகுகிறார். நான் இரண்டு மூச்சுக்கு ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்துப் பழகுகிறேன்.

சாயங்கால ஒப்பந்தத்தையும் மாற்றிக்கொண்டோம். நான் சயானில் இறங்கி நிற்கிறேன், அவர் வந்த பிறகு இருவரும் ஒரே வண்டியில் ஏறுகிறோம். வீடு சேர அரை மணி நேரம் கூடுதலாகிறது. அது பெரிதில்லை, அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவர் தலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு நாளும், எப்படியும் வந்துவிடுவார் என்று நான் இத்தனை வருடம் திரும்பிப் பார்க்காமலே போனதுதான் மனதை உறுத்துகிறது.