சின்னம்மாவுக்கு எந்த விண்டோஸ்

2001 வைகாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கொழும்பு ரயிலில் வந்த மூன்று பெட்டிகளோடு மயில்வாகனம் சித்தப்பா ஓட்டோவில் வந்து இறங்கினார். ஜெகதீஸ்வரி சின்னம்மா கறியை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டுக் குசினியில் இருந்து ஓடி வந்தார். கையில் அகப்பை இருந்தது.

"கவனம், கவனம்! ரீவி மாதிரி இருக்கிறதை முதல் பிடியுங்கோ!"

"இருவது வருஷம் மாங்குளம் ஸ்ரேசனில சாமான் இறக்கினவனுக்கு நீர் படிப்பிக்கிறீர். முதல் அந்த அகப்பையைக் கொண்டுபோய் வையும்."

பெட்டிகளுக்குள் இருந்தது ஒரு கொம்பியூட்டரும் பிரிண்டரும். கொழும்பில் ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பழைய பென்டியம் அது. கனடாவில் இருக்கும் மகன் சஜீவன் சிநேகிதன் ஒருவனைப் பிடித்து வாங்கி அனுப்பியிருந்தான். வழியில் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டியிருந்தார்கள். கட்டின கயிறு மட்டும் புதிது.

சின்னம்மாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. மாங்குளத்தில் இருந்த காலத்தில் சுற்றுவட்டப் பள்ளிக்கூடங்களின் பரீட்சைத் தாள்கள் எல்லாம் அவர் கையால்தான் எழுதப்பட்டன. ஸ்டென்சில் என்கிற மெழுகுத் தாளை விரித்து, ஊசிமுனைப் பேனாவால் ஒவ்வொரு எழுத்தாக வெட்டுவார். அதை றோனியோ மெஷினில் ஓடவிட்டால் நூறு பிரதி வரும். ஒரு எழுத்தும் சரியாது, ஒரு வரியும் வளையாது. தொண்ணூற்றேழில் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து, தோணிக்கல்லில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு ரியூசன் நிலையங்களுக்கு அதே வேலையைச் செய்தார். பெரும்பங்கு வேலை சிவராசா மாஸ்டர் தந்ததுதான். அந்த மாஸ்டர்தான் சித்திரையில் வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"அக்கா, உங்கட எழுத்தில ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனா அடுத்த ரியூசனில கொம்பியூட்டர் எழுத்தில பேப்பர் குடுக்கிறாங்கள். தாய் தேப்பன் அதைப் பாத்திட்டு வந்து என்னைக் கேக்கினம். ஸ்கொலர்ஷிப் சோதினைக்குப் பன்ரண்டு மாதிரிப் பேப்பர் அடிக்கோணும். ஆனி முதல் வெள்ளிக்கு முதல் பேப்பர் கொம்பியூட்டர் எழுத்தில உங்களிட்ட இருந்து வந்தா, பன்ரண்டும் உங்களுக்கு. இல்லாட்டி நான் பிரெஸ்ஸுக்குத்தான் குடுக்கோணும்."

அந்தப் பன்னிரண்டு தாள்களும் போனால் சின்னம்மாவுக்கு வேலையே இல்லை. அன்றைக்கே சஜீவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெட்டிகள் வந்த மறுநாள் றிஸ்வி வந்தார். வவுனியா பஜாரில் கொம்பியூட்டர் திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் முல்லைத்தீவு. சஜீவன் போனில் சொன்னபடி விண்டோஸ் 98 போட்டு, தமிழில் அடிக்கப் பாமினி என்ற எழுத்துருவையும் ஏற்றினார். திரை வெளித்து இசை வந்ததும் சின்னம்மா கைதட்டினார்.

"இது பாடவும் பாடுமோ தம்பி?"

"இது வணக்கம் சொல்லுறது அக்கா."

சின்னம்மாவின் பெறாமகளான நான் அந்த வீட்டில்தான் இருந்தேன், கொம்பியூட்டர் வகுப்பும் ஒன்று படித்திருந்தேன். எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு மட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஆங்கில எம் இருந்த இடத்தில் அ, எஃப் இருந்த இடத்தில் க. இரண்டு கிழமையில் சின்னம்மா மட்டையைப் பார்க்காமல் அடித்தார். அடிக்கும்போது வாய் ஓயாமல் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், கேள்வியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டலாம், பிழைத்தால் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த நாளெல்லாம் அயல் வீடுகள் வரை குரல் கேட்டது.

பிரச்சினை வானத்தில் இருந்து வந்தது.

விமானத் தளத்தில் இருந்து ஹெலிகொப்ரர் எழும்பும் சத்தம் தோணிக்கல்லுக்கு நன்றாகக் கேட்கும். கேட்ட கணமே சின்னம்மாவின் கை கதவடியில் இருக்கும் மெயின் சுவிட்சை இழுத்துவிடும். மாங்குளத்தில் வெளிச்சம் கண்டால் ஹெலி சுடும் என்று குப்பி விளக்கை ஊதி அணைத்துப் பழகியவர். இங்கே ஒவ்வொரு சுவிட்சாகத் தேட நேரமில்லை. பகலிலும் அப்படித்தான்.

"பட்டப்பகலில ஹெலிக்காரனுக்கு உம்மட லைற் தெரியுமே?" என்று சித்தப்பா கேட்பார்.

"எனக்குத் தெரியுமப்பா. கைக்குத் தெரியாது."

மெயினைத் திரும்பப் போட்டால் இசை வராது. நீலத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வரும். அதன் பிறகு இயந்திரம் தன் வட்டு முழுவதையும் சோதித்து முடிக்க அரை மணித்தியாலம் ஆகும்.

"என்னவாம் பிள்ளை?"

"முறையா நிப்பாட்டேல்லையாம். அடுத்த முறை ஸ்ரார்ட் எண்டதை அமத்தி நிப்பாட்டச் சொல்லுது."

"நிப்பாட்டுறதுக்கு ஸ்ரார்ட்டை அமத்தோணுமோ? நல்ல கதை!"

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தரம், நாலு தரம் இப்படி நடந்தது. வெள்ளிக்கு மூன்று நாள் இருக்க, செவ்வாய்க்கிழமை, நீலத் திரையும் வரவில்லை. ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று சொல்லிவிட்டுக் கறுப்பாக நின்றது. அடித்து வைத்திருந்த இருபத்தெட்டுக் கேள்விகளும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டன.

றிஸ்வி வந்து பார்த்தார். "வேலை செய்யேக்க கரண்டைப் பிடுங்கினா அது என்ன செய்யும் அக்கா? சாப்பிடேக்க கோப்பையைப் பறிச்ச மாதிரி." முழுவதையும் அழித்து விண்டோஸ் 98ஐத் திரும்பப் போட்டார். பற்றரியில் ஓடும் யூபிஎஸ் ஒன்று வைக்கலாமே என்று கேட்டேன். பற்றரிச் சாமானுக்குப் பாதுகாப்புத் தடை, கொண்டுவர அனுமதி எடுக்கவே மாதக் கணக்காகும் என்றார்.

புதன் காலை சித்தப்பா தன் வழியில் தீர்வு கண்டார். மெயின் சுவிட்சின் மேல் பலகைப் பெட்டி ஒன்றை அடித்துப் பூட்டுப் போட்டுத் திறப்பை மடியில் செருகிக்கொண்டார். "இனிப் பாப்பம்!" என்றார். சின்னம்மாவும் சிரித்துக்கொண்டு முதலாவது கேள்வியில் இருந்து திரும்ப அடிக்கத் தொடங்கினார்.

பத்து மணி போல ஹெலி எழும்பியது. சின்னம்மா எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். விரல்கள் பலகையைப் பிறாண்டின. மாங்குளத்தில் ஒரு நாள் அடுத்த வளவில் விளக்கை அணைக்கப் பிந்திவிட்டார்கள். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. சித்தப்பா திறப்பைத் தேடவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்துவிட்டு, மெயினைத் தானே இழுத்தார்.

"இந்த விளையாட்டு இனி வேண்டாம்," என்றார்.

மத்தியானம் றிஸ்வி கையில் ஒரு சீடியோடு வந்தார். ஏதோ சஞ்சிகையோடு இலவசமாக வந்ததாம். "லினக்ஸ். வெளிநாட்டில படிச்ச ஆக்கள் எல்லாம் இதைத்தான் பாவிக்கினம் தங்கச்சி. வருஷக் கணக்கா நிக்காம ஓடுமாம்."

"நிக்காம ஓடுறதுக்கு இல்லை. இஞ்ச நிண்டு நிண்டுதான் ஓடோணும். கரண்ட் போய் வந்தா என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"வட்டைச் சோதிக்கும். சில நேரம் பாஸ்வேர்ட் கேட்டுக் கொண்டு நிக்கும்."

"பாமினி எழுத்து?"

றிஸ்வி சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது நான் இன்னும் பாக்கேல்லை."

பின்னேரம், காசு கொடுத்துப் போன் கதைக்கும் கொமியூனிகேஷன் கடையில் சஜீவனின் அழைப்பு வந்தது. சின்னம்மா முதலில் கதைத்துவிட்டு என்னிடம் தந்தார்.

"விண்டோஸ் மில்லேனியம் போடச் சொல்லு," என்றான். "அதுதான் ஆகப் புதுசு. வீட்டுச் சனத்துக்கெண்டே வந்தது."

"மெயினைப் பிடுங்கினா பேசாம எழும்புமே அண்ணா?"

"அம்மாவை மெயினைத் தொடவேண்டாமெண்டு சொல்லன்."

"அது ஏலாது."

"என்ன ஏலாது? பழகினாச் சரி."

"பழகித்தான் அப்படிச் செய்யிறா," என்றேன். "சரி, உனக்குச் சரியெண்டு படுறதைப் போடு," என்றான். அவனும் மாங்குளத்தில் வளர்ந்தவன்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் றிஸ்வியின் கடையில் இறங்கி, பழைய விண்டோஸ் 3.1 இருக்கிறதா என்று கேட்டேன். நான் படித்த வகுப்பில் அதுதான் இருந்தது. அங்கே பாடம் முடிந்ததும் ஆசிரியர் வந்து சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவார். மறுநாள் ஒரு முறைப்பாடும் இல்லாமல் எழும்பும். பாமினியும் அதில் வேலை செய்யும்.

றிஸ்வி சிரித்தார். "தங்கச்சி, அது செத்துப்போய் ஆறு வருஷம்! பென்டியத்தில ஆரும் அதைப் போடுவினமே?"

"சின்னம்மாவின்ர கையை மாத்த ஏலாது றிஸ்வி நானா. கொம்பியூட்டரை மாத்துவம்."

அவர் மேசைக்கு அடியில் இருந்து தூசி பிடித்த சப்பாத்துப் பெட்டி ஒன்றை இழுத்தார். உள்ளே ஃபுளொப்பி வட்டுகள் இருந்தன. "ஒரு வாக்குத் தரோணும். இது றிஸ்வி போட்டதெண்டு ஆருக்கும் சொல்லப்படாது. என்ர கடைப் பேர் கெட்டுப் போகும்."

வியாழக்கிழமை காலை ஃபுளொப்பிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். நாலாவது வட்டில் கறகறவென்று சத்தம் வந்து, வாசிக்க முடியவில்லை என்று நின்றது. றிஸ்வி அதை வெளியே எடுத்துச் சேர்ட்டில் துடைத்துத் திரும்பக் கொடுத்தார். நின்றது. மூன்றாம் முறை சின்னம்மா, "என்னிட்டத் தாங்கோ," என்று வாங்கி, கண்ணில் ஒற்றிவிட்டுத் தானே செருகினார். வாசித்தது! சித்தப்பா கூவிய சத்தத்தில் மதிலில் இருந்த கோழி பறந்தது.

எழுதுவதை உடனே வட்டில் போடாமல் சற்று நேரம் மனதில் வைத்துக்கொள்ளும் ஒரு வசதி அதில் இருந்தது. வேகத்துக்காக வைத்தது. அதை நிறுத்திவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் தமிழ் எழுதும் பக்கம் தானாகத் திறக்கும்படியும் செய்தேன். ஒவ்வொரு கேள்வி முடிவிலும் இரண்டு விசையை ஒன்றாக அமத்தினால் அந்தக் கேள்வி பத்திரம். அதற்குப் பிறகு எது நடந்தாலும் கடைசிக் கேள்வி மட்டும்தான் போகும். சின்னம்மா கேள்வி முடியும்போதெல்லாம் "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்லி அந்த விசைகளை அமத்தினார்.

பதினோராவது கேள்வியோடு நாங்கள் ஹெலிக்காகக் காத்திருந்தோம். அதை வரச்சொல்லிக் காத்திருந்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. சித்தப்பா முற்றத்தில் நின்று காதைக் கொடுத்தார்.

"வருகுதே?" என்று சின்னம்மா உள்ளே இருந்து கேட்டார்.

"இல்லை. ட்ரக்டர்."

"இப்ப?"

"அது அரிசி மில்லப்பா!"

"தேவையில்லாத நேரமெல்லாம் வருவான், தேவைப்படேக்க வரமாட்டான்," என்று றிஸ்வி நேரத்தைப் பார்த்தார்.

ஒன்றரை மணிக்கு வந்தது. சின்னம்மா ஓடினார். மெயின் விழுந்தது. ஃபேன் சுற்றி நின்றது. சத்தம் தெற்குப் பக்கமாகத் தேய்ந்து போனது. சின்னம்மா மெயினை மேலே தள்ளினார். நான் கொம்பியூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின. நீலத் திரை வரவில்லை, முறைப்பாடும் வரவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் பக்கம் திறந்தது. சின்னம்மா திரையில் விரலை வைத்து எண்ணினார். "ஒண்டு, ரெண்டு... பத்து, பதினொண்டு! பதினொண்டும் நிக்குது! இஞ்சாருங்கோ, பதினொண்டும் நிக்குது!"

சித்தப்பா றிஸ்வியைக் கட்டிப்பிடித்தார். றிஸ்வி மட்டும், "மெல்ல, மெல்ல, வெளியில கேக்கப் போகுது," என்றார்.

அன்று பின்னேரத்துக்குள் நாற்பது கேள்வியும் முடிந்தன. மெயின் இன்னும் இரண்டு தரம் விழுந்தது. ஒரு தரம் முப்பத்தோராவது கேள்வி பூட்ட முதலே போய்விட்டது. சின்னம்மா அதைத் திரும்ப அடித்தார். இரண்டாவது தரம் அடித்த கேள்வி முதலில் அடித்ததைவிட நல்லாய் இருக்கிறது என்றும் சொன்னார். பிரிண்டரின் ரிப்பனைக் கழற்றிவிட்டு, தாளுக்குப் பதிலாக ஸ்டென்சிலைக் கொடுத்தோம். பிரிண்டரின் ஊசிகள் டக்டக்கென்று மெழுகை வெட்டிக்கொண்டு போயின. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சின்னம்மா நின்ற நிலையைப் பார்க்க வேண்டும். இடுப்பில் கை, முகம் முழுக்கச் சிரிப்பு.

வெள்ளி காலை ஏழு மணிக்குச் சிவராசா மாஸ்டர் சைக்கிளில் வந்தார். ஸ்டென்சிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்தார். சின்னம்மா கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் இரண்டாம் பக்கத்தையும் வாசித்தார்.

"என்ன மாஸ்டர், பிரெஸ்ஸுக்கோ?" என்று சித்தப்பா கேட்டே விட்டார்.

மாஸ்டர் பையைத் திறந்து, மிச்சப் பதினொரு தாள்களின் கையெழுத்துப் பிரதிகளையும் ஒரு கட்டாக எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் கொண்டுதான் வந்தனான். செவ்வாய்க்கு ரெண்டாவது தருவீங்களே அக்கா?"

"திங்களே தாறன்!"

"என்ன விண்டோஸ் இது? நல்ல வடிவா வருது. நானும் ஒண்டு எடுக்கலாமெண்டு யோசிக்கிறன்."

நானும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். றிஸ்விக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. சின்னம்மா அதற்குள் இரண்டாவது தாளை விரித்து, விளங்காத சொல் ஒன்றைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை நான் பிறகு சொல்லுறன் மாஸ்டர். முதல் உங்கட எழுத்தைக் கொஞ்சம் திருத்துங்கோ. இதை ஆரால வாசிக்க ஏலும்?"