ஞாயிறு நெட்டில் ஓர் இடைஞ்சல்

மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலக்காரர் வாயைத் திறந்தால் தக்காளி வண்டிகள் நிற்கிற கடைசி வாசல் வரைக்கும் கேட்கும். ஒரு காலத்தில் அவருக்கு மைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் தொண்டையிலேயே ஏலம் விட்டார். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. டாக்டர்கள் கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு சின்னத் துணி. உயிர் தங்கியது, பேச்சு போயிற்று. சந்தையில் எடைமேடைப் பக்கமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் பாவம் என்றார்கள். அவர் காதுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அதுதான்.

ஆனால் ஆளைச் சந்தையில் பார்த்தால் பாதிதான் தெரியும். மீதியைப் பார்க்க அவர் வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டும். ஜன்னல் ஓரம் ஒரு மேஜை, மேஜைமேல் ரேடியோ செட், அதிலிருந்து கிளம்பி ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்கு ஏறும் கேபிள், அங்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. ஹாம் ரேடியோ என்பார்கள். பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக் குறி, அதாவது கால்சைன் பெற்று, முன்பின் பார்த்திராதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. பிழைப்புக்குப் பகல் முழுக்கக் கத்துகிறவர், சும்மா இருக்கிற நேரத்திலும் பேசுவதற்கென்றே ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறாரே என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

ஊரில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் நெட்டை நடத்துபவர். வரிசையாக ஒவ்வொரு கால்சைனாகக் கூப்பிடுவார். கூப்பிட்டால் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டும். கேபிள் மூட்டுக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் எதைச் சுற்றுவது? பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் செட்டில் இரைச்சல் வருகிறதே, சண்டை போடாமல் அதை எப்படி நிறுத்துவது? இப்படித்தான் இருக்கும் கேள்விகள். உலகத்தைப் புரட்டிப்போடும் விஷயம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் யாராவது ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிப்பார்கள். ஏலக்காரருக்கு அந்த விசாரிப்புதான் வேண்டியிருந்தது. வரிசையில் பல் டாக்டருக்கு அடுத்தது அவர், அவருக்கு அடுத்தது ஐஸ் ஃபேக்டரிக்காரர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அவர் மனைவி கண்ணாடிக் கடைக்காரருக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவரும் பழங்களோடு வந்து பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு ஏலக்காரர் படுக்கையில் இருந்தபடியே சைகை காட்டிச் செட்டைப் போட வைத்து நெட்டைக் கேட்டார். பல் டாக்டரைக் கூப்பிட்டு முடித்த கண்ணாடிக் கடைக்காரர், நம் ஏலக்கார நண்பர் இனி ஓய்வில் இருப்பார், அவர் நலமாக இருக்க வாழ்த்துவோம் என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டு ஐஸ் ஃபேக்டரிக்காரரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அதற்கடுத்த வாரம் அந்த வாழ்த்தும் இல்லை. உயிரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வரிசை தன் பாட்டுக்கு நகர்ந்து போயிற்று.

நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. நல்ல எண்ணத்தோடு செய்தால் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏலக்காரர் சிலேட்டை எடுத்து எழுதி மனைவியிடம் நீட்டினார்: "ஓய்வுன்னு நான் சொன்னேனா?"

மகள் தன் பங்குக்கு ஒரு ஃபோன் வாங்கி வந்தாள். நாம் எழுதினால் அது பேசும். எழுதிப் பார்த்தார். லைனில் காத்திருக்கச் சொல்லும் கம்பெனிப் பெண்ணின் குரலில் அது வணக்கம் என்றது. ஏலக்காரர் அதை அணைத்து, துடைத்து, உறைக்குள் போட்டு மகளிடமே கொடுத்துவிட்டார். நான் உங்களுக்குப் பதிலாகப் பேசட்டுமா என்று மனைவி கேட்டதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். தன் கால்சைனுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் அப்புறம் எல்லாவற்றுக்கும் யாராவது பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு.

மோர்ஸ் இருக்கவே இருக்கிறது. அவர் உரிமம் வாங்கிய காலத்தில் மோர்ஸ் தெரியாமல் பரீட்சையில் தேற முடியாது. குட்டையாகவும் நெட்டையாகவும் சத்தம் அனுப்பி எழுத்துகளைச் சொல்லும் பழைய முறை. பாஸ் செய்த அன்றே அதை மூட்டை கட்டி வைத்தவர்தான் ஏலக்காரரும். வாய் இருக்கும்போது எவன் தட்டிக்கொண்டிருப்பான்? இப்போது மூட்டையை அவிழ்த்தார். உடைந்த இரும்பறுக்கும் வாளின் பிளேடை வெட்டி, ஒரு மரத்துண்டில் முடுக்கி, தன் கைக்குத் தோதாக, மோர்ஸ் தட்டும் கீ ஒன்று செய்தார். காபி ஆறுகிறது என்று மனைவி வந்து நிற்கும்போது மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார். எடைமேடையிலும் தட்டினார். முருங்கைக்காய் மூட்டைக்காரர்கள் பெரியவருக்கு நரம்புத் தளர்ச்சியும் வந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்கள்.

பழக்கம் கைக்கு வந்ததும் ஒரு ஞாயிறு, பல் டாக்டர் பேசி முடித்த இடைவெளியில், தன் கால்சைனை அடித்தார். சுத்தமாக, நிதானமாக, இரண்டு தரம். எல்லார் செட்டிலும் அது கணீரென்று விழுந்தது. கண்ணாடிக் கடைக்காரர் கொஞ்சம் நிறுத்தி, ஏதோ இடைஞ்சல் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஐஸ் ஃபேக்டரிக்காரரைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரமும் அதே இடத்தில் அடித்தார். அதற்கடுத்த வாரமும் அடித்தார். யாரோ வேண்டுமென்றே விஷமம் செய்கிறான் என்று நெட்டில் பேச்சு எழுந்தது. பாதிப் பேர் பரீட்சையிலிருந்து மோர்ஸை நீக்கிய பிறகு உள்ளே வந்தவர்கள். மீதிப் பேர் அதை மறந்து பல காலம். கண்ணாடிக் கடைக்காரர் அந்தப் பரீட்சையை ஏலக்காரரோடு ஒரே நாளில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவர். அதில் நல்ல மார்க் வாங்கியதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லாமல் விடமாட்டார். அவருக்கும் பிடிபடவில்லை. மோர்ஸைக் கேட்டுப் படித்துக் காட்டுகிற செயலிகூட ஃபோனில் இருக்கிறது. ஒருவர்கூட எடுத்துப் பார்க்கவில்லை. ஒன்றுக்கு இடைஞ்சல் என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதை உட்கார்ந்து யார் படிப்பார்?

நேரில் போய் நான்தான் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று மனைவி கேட்டாள். அவர் சிலேட்டில் எழுதினார்: "வாரா வாரம் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

ஒரு ஞாயிறு கண்ணாடிக் கடைக்காரரின் பொறுமை போய்விட்டது. அடுத்த வாரம் இந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம் என்று நெட்டிலேயே அறிவித்தார். திசை காட்டும் வளைய ஆன்டெனாக்களோடு மூன்று பேர் காரில் கிளம்புவார்கள், நெட் காரில் இருக்கும் செட்டிலிருந்தே நடக்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். ஆளைப் பிடித்ததும் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு உரிமத்தைப் பறிக்கச் செய்வோம் என்றார். திருடனைப் பிடிக்கிற திட்டத்தைத் திருடனும் கேட்கிற அலைவரிசையில் விலாவாரியாகச் சொல்லுகிற கூட்டம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஏலக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இருக்கிறது இந்த ஒரு சந்தோஷம். உரிமமும் போய்விட்டால் மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரே என்ற பயம் மனைவிக்கு. ஒரு வாரம் சும்மா இருங்கள், தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. சும்மா இருந்தால் இத்தனை வாரம் அடித்தது விஷமம் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சும்மா இருக்கச் சொல்லித்தான் ஊரே அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டினார். டீக்குத் தண்ணீர் வைக்கவும் சொன்னார். நெட் தொடங்கி, பல் டாக்டர் பேசி முடித்ததும் கீயில் கை வைத்தார். வழக்கமாக இரண்டு தரம் அடிப்பவர் அன்றைக்கு நிறுத்தவே இல்லை. தேடுகிறவர்கள் வழி தவறிவிடக் கூடாதே. தன் கால்சைனைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தார். ஏலத்தில்கூட அவர் இவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைச் சொன்னதில்லை.

கார் முதலில் பெரிய தெருவுக்குப் போய், திரும்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கடைசியில் அவர் தெருவுக்குள் வந்து நின்றது. ஐஸ் ஃபேக்டரிக்காரர் வளையத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே பல் டாக்டரும் கண்ணாடிக் கடைக்காரரும் இறங்கினார்கள். வளையம் வீட்டைக் காட்டியது. கண்ணாடிக் கடைக்காரருக்கு வீடு தெரியும், பழத்தோடு வந்து போன வீடு. அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. பாவம், பேச முடியாத மனுஷனின் செட்டை எவனோ திருட்டுத்தனமாக உபயோகிக்கிறான் என்றுதான் நினைத்தார். மூச்சிரைக்க மாடிப்படி ஏறினார்கள். அங்கே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து ஏலக்காரர் அடித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தாமல் கடைசி எழுத்து வரைக்கும் அடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நீங்களா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

ஏலக்காரர் சிலேட்டை எடுத்தார். கோபத்தில் சாக்பீஸ் உடைந்தது, உடைந்த துண்டை வைத்தே எழுதினார்: "என் கால்சைனைத்தான் அடிச்சேன். ஒருத்தருக்குமா புரியல?"

கண்ணாடிக் கடைக்காரர் சமாளித்துக்கொண்டு பேசினார். நெட் பேச்சுக்கென்று ஏற்பட்டது, மோர்ஸ் அடித்தால் மற்றவர்களுக்குப் புரியாது, ஒருவருக்காக நேரம் இழுத்துக்கொண்டே போகும். வேண்டுமானால் அவரைக் கௌரவ உறுப்பினர் ஆக்கிவிடலாம், பதில் சொல்லும் சிரமமே வேண்டாம் என்றார். ஏலக்காரர் சிலேட்டைச் சட்டைக் கையாலேயே துடைத்தார். "கௌரவம் உங்களுக்கே இருக்கட்டும். என்னைக் கூப்பிடுங்க. நான் பதில் சொல்றேன்."

இத்தனை நேரமும் அறை வாசலில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்த மனைவி அதைக் கீழே வைத்தாள். இந்தப் பெட்டியைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்று அதுவரை வந்ததில்லை.

"மூணு பேர் கார் எடுத்துக்கிட்டு ஊர் சுத்தி வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க உங்களுக்கு நேரம் இருக்கு. அவர் என்ன சொல்றாருன்னு ரெண்டு நிமிஷம் கேக்க நேரம் இல்லையா, அண்ணே?"

கண்ணாடிக் கடைக்காரர் பார்க்கலாம் தங்கச்சி என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். டீயைப் பாதி குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க ஏலக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. தன் பக்கம் சொல்லியும் ஆயிற்று, அது அவர்கள் காதில் விழுந்தும் ஆயிற்று. இனிக் கூப்பிடாவிட்டால் அது தெரிந்தே செய்வது. ஞாயிறு வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் வழக்கம்போல் வரிசையை ஆரம்பித்தார். பல் டாக்டர் பேசி முடித்தார். ஏலக்காரர் கீயின் மேல் கையை வைத்து, ஆனால் அழுத்தாமல் காத்திருந்தார். இன்றைக்கு இடையில் புகுவதாக இல்லை. கூப்பிட்டால்தான் பதில்.

ஐஸ் ஃபேக்டரிக்காரரின் கால்சைன் கூப்பிடப்பட்டது.

ஐஸ் ஃபேக்டரிக்காரர் பேசினார். "எனக்கு முன்னாடி ஒருத்தர் இருக்கார் சார். அவரைக் கூப்பிட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் காத்திருக்கேன்."

பல் டாக்டர் குறுக்கிட்டு, நானும் காத்திருக்கிறேன் என்றார். இன்னும் இரண்டு மூன்று குரல்கள் அதையே சொல்லின. கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏலக்காரரின் கால்சைனைக் கூப்பிட்டார்.

ஏலக்காரர் அடித்தார். மெதுவாக, கண்ணாடிக் கடைக்காரரின் பென்சில் பின்தொடர்ந்து வரும்படி அடித்தார். கேட்பவரின் வேகத்துக்கு அடிப்பதுதான் முறை. கண்ணாடிக் கடைக்காரர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கூட்டிப் படித்து, கால்சைன் சரிதான் என்றார். குரலில் பரீட்சை எழுதியவனின் நடுக்கம் இருந்தது. அடுத்தது, கூப்பிட்டவரின் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஐந்துக்கு மார்க் சொல்ல வேண்டும். நெட்டை நடத்துபவருக்கு மரியாதைக்காக எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்டுவிடுவார்கள்.

ஏலக்காரர் இரண்டு என்று அடித்தார்.

"ரெண்டா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "நான் பேசுறது அவ்வளவு மோசமாவா கேக்குது?"

ஆமாம் என்று அடித்தார் ஏலக்காரர். மைக்கை மாற்றச் சொல்லியும் ஒவ்வொரு எழுத்தாக, பொறுமையாக அடித்தார். அதைப் படித்து முடிக்கக் கண்ணாடிக் கடைக்காரருக்கு வெகுநேரம் பிடித்தது. நெட்டில் இருந்த அத்தனை பேரும் அதுவரை காத்திருந்தார்கள்.