ராணி உடையின் இடுப்பளவு

ஸ்டெல்லா டீச்சர் பருத்துப் போகவில்லை. அவள் உடம்பில் ஒரு பிடிச் சதைகூடக் கூடவில்லை. அவளுடைய ராணி உடையை ஒவ்வொரு வாரமும் கால் அங்குலம் சுருக்கியவள் நான்!

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? நீங்கள் அந்த நாடகத்தைப் பார்க்காதவர். பார்த்தவர்கள் கேட்டால் என்னை உடனே மன்னித்துவிடுவார்கள்... எனக்கு அது வேண்டாம்.

என் பெயர் பிலோமினா. எழுபதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். ஆண்டுதோறும் மே மாதச் சீசனில் ஆசிரியர்களும் பங்குக் கோயில்காரர்களும் சேர்ந்து பள்ளி ஹாலில் ஒரு நாடகம் போடுவோம். எழுதி இயக்குபவர் தமிழாசிரியர் சூசை சார். மேடைக்கு முன்னால் அவர் ராஜ்யம். பின்னால் என் ராஜ்யம்.

நடிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எனக்குப் பைத்தியம் உடைகள்மேல்தான். மதுரையிலிருந்து வாடகைக்கு டிரஸ் பெட்டி வரும். மூடியைத் திறந்ததும் பழைய பவுடரும் வியர்வையும் பூச்சி உருண்டையும் கலந்து ஒரு நெடி அடிக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் குனிந்து முகர்வேன்! சமிக்கி உதிர்ந்த அங்கி, இழை பிரிந்த சரிகை, எத்தனையோ ராஜாக்களின் கழுத்தில் உரசிக் கறுத்த காலர்... ஒவ்வொன்றையும் விரித்துவைத்து, இது புதிதாய் இருந்தபோது எப்படி மின்னியிருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்த ஆண்டு சூசை சார் எழுதியது ஒரு கற்பனை ராணியின் கதை. போரில் கணவன் இறந்தபின் கோட்டையைத் தானே காத்து நிற்கிறாள். கடைசிக் காட்சியில் ஏழு படி இறங்கி, எதிரியின் முன் தனியாக வந்து நிற்கிறாள். அந்த ஏழு படிகளுக்கு வாடகை உடை உதவாது என்று எனக்குப் பட்டது. நானே தைக்கிறேன் என்றேன்.

ஹாலில் புதுத் திரை மாட்டியபோது கழற்றிய பழைய வெல்வெட் திரை ஸ்டோர் ரூமில் கிடந்தது. பழுத்த நாவல் பழத்தின் நிறம். அந்துப்பூச்சி தின்ற இடங்களைத் தள்ளிவிட்டு வெட்டினேன். என் கல்யாணப் பட்டின் சரிகைக் கரையைக் கத்தரித்து ஓரத்தில் வைத்தேன். கல்யாணம் என்னோடு நிலைக்கவில்லை. சரிகையாவது ராணியோடு போகட்டுமே! மார்போடு இறுகி, இடுப்பில் ஒடுங்கி, கீழே விரிந்து, தரையில் இரண்டு முழம் புரளும் உடை. முதுகில் இருபது கொக்கிகள்.

ராணி வேடம் ஸ்டெல்லாவுக்கு. ஐந்தாம் வகுப்பு டீச்சர். இருபத்தாறு வயது, லட்சணமான முகம், கடைசி வரிசைவரை கேட்கும் குரல். அவள் நல்லவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கேக் சுட்டால் முதல் துண்டு எனக்கு வரும். எனக்குக் காய்ச்சல் கண்டபோது நான்கு நாள் கஞ்சி கொண்டுவந்தவளும் அவள்தான்.

ஆனால் அவளுக்கு உடை உடுத்தத் தெரியவில்லை! என் வெல்வெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சேற்றைத் தாண்டுகிறவள்போல நடந்தாள். கழுத்தைச் சொறிந்தாள். ஒத்திகை இடைவேளையில் அந்த உடையோடு தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இதற்கெல்லாம் ஒருத்திமேல் இப்படி ஆத்திரம் வருமா என்று கேட்பீர்கள். வந்தது...

கனகம் எங்கள் பள்ளிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். முப்பது வயதிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். வட்டக்கானலில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். உடைகளுக்கு இஸ்திரி போட அவளை நான்தான் கேட்டு வாங்கினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்துவரை படித்திருந்ததால், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையும் அவளுக்கு வந்தது. ஒத்திகையின் இரண்டாவது வாரமே தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். எல்லார் வசனமும் அவளுக்கு மனப்பாடம்.

ஏப்ரலில் ஒரு பிற்பகல். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று ஸ்டெல்லா அளவு பார்க்க வரவில்லை. கீழ்மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்க்க, உடையைக் கனகத்துக்கு மாட்டினேன். இடுப்பில் தொளதொளத்தது. இரண்டு பக்கமும் குண்டூசி குத்திப் பிடித்தேன். கொஞ்சம் நட என்றேன்.

அவள் நடந்தாள்.

உடையைத் தூக்கவில்லை. கால் விரலால் துணியை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தாள். திரும்பியபோது, பின்னால் புரண்ட வெல்வெட் அரை மூச்சு தாமதித்து அவளோடு திரும்பியது. கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் தாங்கிச் சரிவுகளில் ஏறி இறங்கிய கழுத்து அது. நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே நின்றது. நான் தைத்தது என்னவென்று அன்றுதான் எனக்கே தெரிந்தது! தையல் மிஷினில் தலை சாய்த்து அழுதேன்.

சூசை சாரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன்! அன்றே போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் அல்லர்; சிரிக்கக்கூட இல்லை. சலவைக்கூடத்துப் பெண் ராணியாக வந்தால் சபைப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார மாட்டார்கள் என்றார். பிறகு, "நீங்க ஒங்க சோலியப் பாருங்க டீச்சர்" என்றார்.

என் சோலியைப் பார்த்தேன்.

குண்டூசி நின்ற இடங்களில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். அவ்வளவையும் ஒரே நாளில் பிடித்தால் தெரிந்துவிடும். ஆகவே பிரித்துக்கொண்டேன். நாலு வாரம், வாரத்துக்குக் கால் அங்குலம், இரண்டு பக்கமும். ஆத்திரத்தில் செய்த காரியமாக இருந்தால் என்னை நானே எப்போதோ மன்னித்துவிட்டிருப்பேன். நான் நிதானமாக, டேப் வைத்து அளந்து செய்தேன்!

இரண்டாவது வாரம் கொக்கி மாட்டும்போது ஸ்டெல்லா மூச்சைப் பிடித்தாள். மூன்றாவது வாரம் கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நெசத்தைச் சொல்லுங்க டீச்சர். நான் குண்டாயிட்டேனா?"

"லேசா" என்றேன்.

ஒரே சொல். அந்தச் சொல்லுக்காக நான் யோசிக்கவே இல்லை. கையில் ஊசியோடு, தலை நிமிராமல், சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் சோற்றை விட்டாள். பகலில் ஆயக்குடிக் கொய்யா ஒன்று, இரவில் வெந்நீர். ஒத்திகையில் ஒருமுறை தலைசுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன்! அந்த வாரமும் கால் அங்குலம் பிடித்தேன். அவள் மெலிந்துகொண்டிருந்தாள், ஆகவே அந்த முறை, கனகத்துக்கு இறுகாதபடி பார்த்து, இன்னும் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். நிற்கவில்லை...

நாடக நாள். ஹாலில் கூட்டம் நெரிந்தது. சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், கடைக்காரர்கள், கீழே அடுக்கம் கிராமத்திலிருந்து மலையேறி வந்த கோயில் ஜனம், முன்வரிசையில் சபைப் பெரியவர்கள். ஒப்பனை அறையில் நான் ஸ்டெல்லாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பதினொரு கொக்கிகள் ஏறின. பன்னிரண்டாவது ஏறவில்லை. இழுத்தேன், அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். ஏறவில்லை. மாற்றிப் போடத் தகுந்த உடை வேறு எதுவும் இல்லை. இல்லாதபடி பார்த்துக்கொண்டவள் நான்.

சூசை சார் கதவைத் தட்டி வெரசா வெரசா என்றார். ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பவுடர் பூசிய கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டது. பிறகு அவளே சொன்னாள், வசனம் எல்லாம் கனகத்துக்குத் தெரியும், அவள் ஒல்லி, உடையும் பொருந்தும், அவளே போகட்டும் என்று. சூசை சாரிடம் வாதாடியதும் அவளே. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவில்லை.

உடையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, என் கையை விடாமல் சொன்னாள்:

"சாரி டீச்சர். ஒங்க ஒழைப்ப நான் பாழாக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"பரவாயில்ல" என்றேன்.

கேட்டீர்களா? அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், நான் கொடுத்தேன்!

கனகத்துக்கு இருபது கொக்கிகளும் வழுக்கிக்கொண்டு ஏறின. கடைசிக் கொக்கியில் அவள் தலையைத் திருப்பாமல், மற்றவர் காதில் விழாதபடி சொன்னாள்.

"டீச்சர், இது என்ட அளவுங்களே."

"ஆடாம நில்லு."

நின்றாள். அதன்பின் அதைப்பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இனி நான் சொல்லப்போவதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த மாலையைப்போல ஒரு மாலை என் வாழ்வில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை!

முதல் காட்சியில் முன்வரிசை முணுமுணுத்தது. யார் அது, சிலோன்காரியா என்று ஒரு குரல் எனக்கே கேட்டது. இரண்டாம் காட்சியில் முணுமுணுப்பு ஓய்ந்தது. கணவனின் வாளை அவள் வாங்கிய காட்சியில் ஹாலில் இருமல்கூட இல்லை. பிறகு அந்த ஏழு படிகள்...

நான் பக்கத் திரையின் இடுக்கில் நின்றிருந்தேன். அவள் முதல் படியில் காலை வைத்தாள். வெல்வெட் ஒரு நொடி மேலேயே தயங்கி, பிறகு மடிந்து, அவள் பின்னால் வழிந்தது. படிக்குப் படி சரிகை விளக்கொளியை வாங்கிக் கீழே அனுப்பியது. அவள் எதிரியைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர் முழுவதையும் பார்த்தாள். வசனத்தைச் சொல்வதற்கு முன் அவ்வளவு நேரம் மௌனமாக நிற்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மௌனத்தில் வெல்வெட் தரையில் உராயும் ஓசை எனக்குக் கேட்டது. என் துணி! என் தையல்! நான் கண்ட ராணி!

திரை விழுந்ததும் எழுந்த கைதட்டல் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்ததுபோல இருந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். மறுநாள் சலவைக்கூடத்து வாசலுக்கே வந்து கனகத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள் சிலர். சிலோன்காரி என்றவர்கள் "ராணியம்மா" என்றார்கள். திண்டுக்கல்லில் கூப்பிட்டார்கள், பழனியில் கூப்பிட்டார்கள், எண்பதுகளின் நடுப்பகுதிவரை எங்கள் குழு ஊர் ஊராகப் போனது. கனகம் எத்தனையோ வேடம் கட்டினாள். அத்தனைக்கும் உடை என் கையால். ஒவ்வொரு மேடையிலும் நான் இடுக்கில் நின்று பார்த்தேன், ஒவ்வொரு முறையும் ஜெயித்தேன்!

ஸ்டெல்லா?

அவள் அதன்பின் மேடை ஏறவில்லை. கேட்டால், எனக்கு அது ஒத்துவராது என்று சிரித்துவிடுவாள். இரண்டு ஆண்டில் கல்யாணமாகி வத்தலக்குண்டுக்குப் போனாள். அங்கேயும் ஒரு பள்ளியில் வேலை.

எண்பதுகளின் நடுவில் ஓர் உறவுக்காரர் கல்யாண விருந்தில் அவளைப் பார்த்தேன். என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்தியிருந்தது. பரிமாறுகிறவர் பிரியாணிக் கரண்டியை நீட்டியதும் கையால் இலையை மறைத்தாள்; இரண்டு கவளம் போதும் என்றாள். ஏன் என்று கேட்டேன். கேட்கும் துணிவு எனக்கு எப்படி வந்தது?

"எனக்குச் சட்டுனு ஒடம்பு போட்டுரும் டீச்சர். ஒங்களுக்குத் தெரியாததா? மத்தவங்க எல்லாம் எம் மனசு நோகக்கூடாதுன்னு அழகாயிருக்கேன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் எனக்கு நெசத்தச் சொன்னீங்க."

நன்றியோடு சொன்னாள்.

என் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கினால் பேசிவிடலாம் என்று நினைத்தேன். விழுங்கினேன். பேசவில்லை. பாயசம் வந்தது, அவள் வேண்டாம் என்றாள், நான் வாங்கிக்கொண்டேன்.

கோயிலில் எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டிருக்கிறேன். கோபம், பொய், பொறாமை என்று எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு மனஸ்தாபம் வேண்டும். செய்ததை நினைத்து உள்ளம் நோக வேண்டும். அந்த இரண்டு கவளத்தை நினைத்தால் நோகிறது. அதே மூச்சில் கனகம் படியிறங்கி வருகிறாள்... நோவு போய்விடுகிறது. முகம் தானாக மலர்கிறது! ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கடவுளிடம் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

வேறு வழி இருந்திருக்குமோ? இன்னும் ஒருமுறை சூசை சாரிடம் போய் நின்றிருக்கலாமோ? ஸ்டெல்லாவிடமே மனம்விட்டுக் கேட்டிருந்தால், கேக்கைப்போல அந்த வேடத்தையும் தூக்கிக் கொடுத்திருப்பாளோ? கொடுத்திருப்பாள். இப்போது எனக்கு அது நிச்சயமாகத் தெரிகிறது. கேட்கவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டெல்லாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் கடிதம் போடுகிறாள். போன முறை, டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார், பழக்கம் விடமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினேன். கடிதத்தில் நிறைய இடம் மிச்சம் இருந்தது. ஒட்டி, தபாலில் போட்டுவிட்டேன்.