கதவோர இருக்கைக்காரர்

அரங்குக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் திரையைப் பார்த்து நடப்பார்கள். இவர் சுவரைப் பார்த்து நடப்பார். பக்கவாட்டுக் கதவை உள்ளங்கையால் ஒரு தள்ளு. திறக்கிறது. இன்னொரு தள்ளு. முதல் தடவை ஏதோ அதிர்ஷ்டத்தில் திறந்திருந்தால்? அதன் பிறகுதான் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உட்கார அனுமதி. கதவோர இருக்கை எப்போதும் இவருக்கு.

“படம் அந்தப் பக்கம் ஓடுதுங்க,” என்பாள் மனைவி.

“ஓடட்டும், ஓடட்டும். நீ பாரு.”

கட்டடங்களில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பது இவர் தொழில். நல்ல நிலையில் இருந்தால் அட்டையில் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன் கழுத்தில் மாட்டிவிட்டு வருவார். இருபது வருடமாக இதே வேலை. வீட்டில் பால் காயும்போதே “ஏதோ தீயிற வாசனை வரல?” என்று அடுப்படியில் வந்து நிற்பார். மைத்துனர் பிள்ளைகள் வைத்த பெயர் ‘கருகல் மாமா’. கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பியும் பார்ப்பார்.

சண்டைப் படம், பேய்ப் படம் எதற்கும் போகமாட்டார். நாய்க்குட்டி வழி தவறி, பாதி உலகம் சுற்றி, கடைசியில் வீட்டு வாசலில் வந்து வாலாட்ட வேண்டும். அந்த வாலாட்டலுக்கு இவர் கண் கலங்கிவிடும். மகள் எட்டிப் பார்த்து, “அம்மா, அப்பா அழுறாரு!” என்று வரிசைக்கே அறிவிப்பாள். மாதம் ஒரு முறை கிடைக்கும் அந்தச் சந்தோஷத்தை அவர் எதற்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட படத்துக்குத்தான் அரங்கு நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். மடியில் ஒன்று, தோளில் ஒன்று. விளக்கு அணைந்ததும் இவர் பார்வை திரையை விட்டுக் கதவுக்குப் போய்விடும்.

போன ஞாயிறு காலைக் காட்சி. கதவுக்குப் பக்கத்தில் மின்பலகை, அதன் கீழே ஒரு சிலிண்டர். அட்டையில் இருந்தது இவருடைய கையெழுத்து. மூன்று வாரத்துக்கு முன்பு இதே அரங்கில் பன்னிரண்டு சிலிண்டர்களைச் சோதித்திருந்தார். பதினொன்றைச் சரியாகப் பார்த்தார். பன்னிரண்டாவது, அழுத்தம் காட்டும் முள் இல்லாத வகை. எடை போட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். அதற்குள் வீட்டிலிருந்து போன். வேறொரு படத்துக்குக் கிளம்பிப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். ‘இதுவும் நல்லாத்தான் இருக்கும்’ என்று அட்டையை மாட்டிவிட்டு ஓடினார். மகள் இந்தத் தடவை இந்த அரங்கைத் தேர்ந்தெடுப்பாள் என்று கண்டாரா?

இடைவேளை விட்டதும் தூக்கிப் பார்த்தார். காலிக் குடம் போல ஒரே கையில் எழும்பி வந்தது.

அதை அணைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். “சார், இது காலி. உள்ள அவ்வளவு பிள்ளைங்க இருக்காங்க. இப்பவே வேற ஒண்ணு வைக்கணும்.”

மேலாளர் அட்டையைத் திருப்பினார். “நல்லா இருக்குன்னு கையெழுத்து இருக்கே. யாரு போட்டது?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கிறுக்கலான கையெழுத்து, யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சொன்னால் வேலை போகும்.

“நான்தான். எடை போடாம மாட்டிட்டேன்.”

மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “உங்க கம்பெனிக்கு நாளைக்குப் பேசுறேன். இப்ப ஞாயித்துக்கிழமை நான் எங்க போய்த் தேடுறது? இன்னும் ஒரு மணி நேரம்தானே. ஒண்ணும் ஆகாது, போங்க.”

ஒண்ணும் ஆகாது. எரிந்துபோன கட்டடங்களைப் பார்க்கப் போன இடத்திலெல்லாம் அவர் கேட்ட வார்த்தை அதுதான்.

இரண்டாம் பாதி முழுக்க அவர் உட்காரவில்லை. பக்கவாட்டுக் கதவைப் பாதி திறந்து, முதுகால் தாங்கிக்கொண்டு நின்றார். “யாருப்பா அது, வெளிச்சம் அடிக்குது!” என்று இருட்டிலிருந்து ஒருவர் கத்தினார். மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மின்பலகையில் சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்டால் இவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாப்கார்ன் வாசனைகூடக் கருகல் வாசனையாகவே வந்தது. பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்தபோது அவருக்குத் தாங்கவில்லை. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. நாய்க்குட்டி வீடு வந்து சேர்ந்தது. அரங்கே கை தட்டியது. விளக்கு எரிந்ததும் அவர் கதவை அகலத் திறந்தார்.

“இப்படி வாங்க, மெதுவா, மெதுவா.”

பிள்ளைகள் வந்தார்கள். கடந்துபோன ஒவ்வொரு தலையையும் ஒரு விநாடி தொட்டார். ரிப்பன் கட்டிய தலை, மொட்டைத் தலை, தூங்கிச் சாய்ந்த தலை.

“அப்பா, நாய்க்குட்டி வாலாட்டுச்சே, பாத்தியா?” என்று மகள் எதிரே வந்து நின்றாள்.

அவள் தலையையும் ஒரு விநாடி தொட்டார். அதற்குள் அவர் கை அடுத்த தலைக்குப் போயிருந்தது.